மகளின் படிப்புக் கடனில் பாதி அண்ணனுக்குப் போகிறது

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். கணவர் தோட்டத்து ஆபீசில் கிராணி. மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். மலேசிய வரலாறுதான் அவளுக்கு முக்கியப் பாடம். செமஸ்டருக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்), அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் வருகிறது. அதில் 1,500-ஐ என் அண்ணன் லாரித் தவணைக்கு வாங்கிக்கொள்கிறார். ஆறு மாதத்தில் தந்துவிட்டு மறுபடி கேட்பார். அதுவரை மகளின் செலவுக்குக் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து அனுப்புகிறேன். வரலாறு படித்து என்ன சம்பாதிப்பாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃபின் மூன்றாவது கணக்குப் பணத்தை மாதம் 8 சதவீதம் தரும் ஒரு ஆப்பில் போடலாமா?

பதில்: அம்மா, அந்த 1,500-ஐப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் பெரும்பாலும் 5 சதவீதம், அதாவது 75 வெள்ளி. வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு 135. ஆக 210 வெள்ளி. மகளின் மொத்தக் கடன் 18,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிடிபிடிஎன் கேட்பது வருடத்துக்கு 1 சதவீதம், 180 வெள்ளிதான். 18,000-க்கு ஒரு வருடம் கட்டுவதைவிட, அண்ணனின் 1,500-க்கு ஆறு மாதத்தில் அதிகம் கட்டுகிறீர்கள். அவர் திருப்பித் தருவது அசல் மட்டும். அவர் ஒரு முறை தவறி, நீங்களும் கார்டுக்குக் கட்ட முடியாமல் போனால், வங்கிகள் பார்க்கும் கடன் பதிவேடான சிசிரிஸில் அது ஏறப்போவது உங்கள் பெயரில்.

படிப்பைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். 2013 முதல், ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சான்றிதழ் கிடைக்க வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலே அவள் கைச்செலவுக்கு ஆகும். அதோடு, அவள் படிப்பது உங்கள் ஊர்க் கதையையும்தான். 1948-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார்கள். அந்தக் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இதையெல்லாம் ஆராய்ந்து எழுத அவள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நடக்க வேண்டும், நகல் எடுக்க வேண்டும், பழைய தோட்டங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும். அதற்குத்தான் அந்த 3,000.

ஆப்பா? வேண்டாம். மாதம் 8 சதவீதம் என்றால் ஒரு வருடத்தில் பணம் இரண்டரை மடங்காகிவிடும். நேர்மையான தொழில் எதுவும் இப்படிக் கொடுக்காது. 2024-க்கு ஈபிஎஃப் கொடுத்ததே 6.3 சதவீதம், அதுவும் வருடத்துக்கு. போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, முதலீடுகளைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன் இரண்டின் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் என் பதில் வேண்டாம்தான்.

அண்ணனிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அவர் அவளுக்குத் தாய்மாமன், நாளைக்குச் சீர் செய்ய வேண்டியவர். அடுத்த செமஸ்டரிலிருந்து முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். லாரித் தவணையைக் குறைத்து நீட்ட முடியுமா என்று அவர் வங்கியிடம் கேட்கட்டும். கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் ஆலோசனை இலவசம். வேண்டுமானால் நீங்களே கூட்டிப் போங்கள். மகளின் ஏடிஎம் கார்டு அவளிடமே இருக்கட்டும். உங்கள் கிரெடிட் கார்டில் மீதி இருக்கும் கடனை முதலில் அடைத்துவிடுங்கள்.

இந்த வாரமே பேசிவிடுங்கள். பணம் வந்த பிறகு என்றால், கையில் காசை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவரிடம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.