தொழிற்சங்கம், முதலாளித்துவத்திலும் சோசலிசத்திலும்: கேள்வி பதில்

கேள்வி: சோவியத் ஒன்றியத்தில் சங்கத்துக்கு என்னதான் வேலை இருந்தது?

பதில்: கூலிப் பேரம் கிடையாது, விகிதங்களை அரசு முடிவுசெய்யும். அதற்காக வெத்துவேட்டு அமைப்பு என்று நினைக்க வேண்டாம். 1933-ல் அரசின் தொழிலாளர் துறையையே கலைத்து அதன் பொறுப்புகளைச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். நோய்க்காலப் பணம், ஓய்வில்லச் சீட்டு, பிள்ளைகளின் கோடை முகாம் எல்லாம் சங்கம் வழியாகத்தான். உறுப்பினர் அல்லாதவருக்கு நோய்க்காலப் பணம் பாதிதான். யார் சேராமல் இருப்பார்கள்? 1958 முதல் சங்கத்தின் ஆலைக் குழு சம்மதிக்காமல் ஆளை நீக்கவும் முடியாது. கோளாறு வேறு இடத்தில். உற்பத்தி இலக்கை எட்டவைக்கும் பொறுப்பும் அதே குழுவுக்குத்தான். மாதக் கடைசியில் நிர்வாகம் கூடுதல் நேர வேலைக்கு ஒப்புதல் கேட்டால், கேட்டவுடன் கிடைத்துவிடும்.

கேள்வி: சோசலிச நாடுகளில் வேலைநிறுத்தம் குற்றமா?

பதில்: எந்த நாடு, எந்த ஆண்டு என்று சொல்லிக் கேளுங்கள். சீன அரசியல் சட்டத்தில் 1975-லும் 1978-லும் அந்த உரிமை இருந்தது, 1982-ல் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் கம்பெனி மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளருக்காமே. அப்புறம் என்ன குறை?

பதில்: 1976 சட்டம், 2000 பேருக்கு மேல் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கு மட்டும். வாக்கு சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அந்தத் தலைவர் பங்குதாரர் பக்கத்து ஆள். நிலக்கரி, எஃகுத் தொழிலுக்கான 1951 சட்டம் இதைவிட வலுவானது.

கேள்வி: தொழிலாளர் அரசை எதிர்த்துத் தொழிலாளி ஏன் போராட வேண்டும்? 1980-ல் போலந்தில் நடந்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ வேலைதானே?

பதில்: முதல் கேள்விக்கு லெனினே 1920 டிசம்பரில் பதில் சொல்லிவிட்டார்: இது அதிகாரவர்க்கச் சீர்கேடு உள்ள தொழிலாளர் அரசு, அந்த அரசிடமிருந்தும் தொழிலாளியைச் சங்கம் காக்க வேண்டும் என்று.

போலந்துக்கு வருவோம். 1980 ஜூலையில் இறைச்சி விலை ஏறியது. ஆகஸ்டில் கிதான்ஸ்க் கப்பல் தளத்தில் கிரேன் ஓட்டுநர் அன்னா வலெண்டினோவிச்சை, ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோது, நீக்கினார்கள். தளம் நின்றது. 1970-ல் தெருவுக்கு வந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதனால் இம்முறை வாயிலுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 16-ல் நிர்வாகம் கூலி உயர்வு தந்து முடிக்கப் பார்த்தது. அப்படி முடிந்திருந்தால் ஆதரவாக நின்ற சின்ன ஆலைகளும் டிராம் ஊழியர்களும் அம்போ. அங்கிருந்த சில பெண்கள்தான் கிளம்பியவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அன்றிரவு ஆலைகளுக்கிடையிலான குழு உருவானது, 21 கோரிக்கைகள் வந்தன. முதல் கோரிக்கை சுதந்திரச் சங்கம்.

கேள்வி: (அதே நண்பர்) பணம் வந்ததை மறைக்கிறீர்கள்.

பதில்: மறைக்கவில்லை. சிஐஏ உதவி, போலந்து அரசு 1981 டிசம்பரில் போட்ட இராணுவச் சட்டத்துக்குப் பிந்தையது. அதற்குள் அந்தப் போராட்டத்தில் பிறந்த சாலிடாரிட்டி சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தாயிற்று.

கேள்வி: சோசலிசத்தில் சங்கமே கிடையாதாமே?

பதில்: மேலே படியுங்கள். நாடும் ஆண்டும் போட்டுக் கேளுங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: சீனாவில் சங்கத்துக்குக் கம்பெனியே பணம் கட்டுமா?

பதில்: ஆமாம், மொத்தச் சம்பளத் தொகையில் 2 சதவீதம். விளைவு 2010-ல் நான்ஹாய் ஹோண்டா ஆலையில் தெரிந்தது: வேலைநிறுத்தம் செய்தவர்களோடு கைகலப்பில் இறங்கியதே உள்ளூர்ச் சங்கத்து ஆட்கள்தான்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

பதில்: இந்தியாவில் என்றால், விண்ணப்பத்தில் 7 கையெழுத்து. ஊழியர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர்; ஆனால் 7-க்குக் குறையக் கூடாது. மற்றதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.