ஓட்டை தானாக மூடுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

என் பேத்திக்கு 45 நாள் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 3.2. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்றார். எக்கோவில் (இதய ஸ்கேன்) ‘வி.எஸ்.டி., 6 மி.மீ.’ என்று வந்திருக்கிறது, இதயத்தில் ஓட்டையாம். பிறந்தபோது கையிலும் காலிலும் மெஷின் மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்களே? எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இதே ஓட்டை தானாக மூடிவிட்டதாம். அதனால் ஒரு வருஷம் பார்ப்போம் என்கிறான் மகன். பால் குடிக்கும்போது தலை வியர்க்கிறது. மாந்தம் என்று உரை மருந்து கொடுக்கிறோம். மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு.

செ., உசிலம்பட்டி

அன்புள்ள செ.,

ஒரு வருஷம் பொறுக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறந்ததும் ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் அது பிடிப்பது பெரும்பாலும் உடம்பு நீலமாகும் வகை நோய்களை. வி.எஸ்.டி. என்பது இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. அதில் சுத்த ரத்தம் நுரையீரல் பக்கம் கசிகிறது, அதனால் அளவு குறையாது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும், ஓட்டை வழியே அதிகம் பாயாது, சத்தமும் கேட்காது. சில வாரங்களில் அவை தளர்ந்த பிறகுதான் பாய்ச்சல் கூடும். 45 நாளில் தெரிந்தது இதனால்தான்.

எனக்குக் கவலை தருவது எடை. பிறந்த எடையைப் பத்து நாளில் மீட்டபின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் பேத்திக்கு 11 கிராம்தான் ஏறியிருக்கிறது. மதுரைப் பக்கத்து வெயிலுக்கு எந்தக் குழந்தைக்கும் வியர்க்கும். ஃபேனுக்கடியிலும் பால் குடிக்கையில் நெற்றி நனைகிறதா, நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்குகிறதா, வயிறு நிறையாமல் தூங்கிவிடுகிறதா என்று பாருங்கள். தூங்கும்போது சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டாலே வேகம்.

தெருப் பையனுக்கு மூடியது உண்மையாக இருக்கலாம். தசைப் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகள் பல தானாக மூடும். ரத்தக்குழாய்களின் வாயருகே உள்ளவையோ, வால்வுகளுக்கு அடியில் உள்ள பெரியவையோ அப்படி மூடுவதில்லை. 3.2 கிலோ குழந்தைக்கு 6 மி.மீ. சின்னதல்ல. ஓட்டை எந்த இடத்தில், மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வாயோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, இடது பக்க அறைகள் வீங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

பல குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெரிய ஓட்டையை அப்படியே விட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்துத் திரும்ப இறுகும். பாய்ச்சல் குறைவதால் மூச்சிரைப்பு அடங்கும், எடைகூட ஏறும். ஓட்டை மூடிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அது முற்றி உடம்பு நீலமாகிவிட்டால் பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாது. அதனால்தான் எடை ஏறாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளேயே ஆபரேஷன் செய்கிறார்கள்.

அதுவரை தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். சிறுநீர் பிரியும் மருந்து எழுதித் தந்தால் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம். உரை மருந்தை நிறுத்துங்கள்: மூச்சு வாங்கும் குழந்தைக்கு அது புரையேறும்.

கர்ப்பத்தின் முதல் எட்டு வாரத்துக்குள்ளேயே இதயம் உருவாகிவிடுகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருமகளை அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. அடுத்த பிள்ளை உண்டானால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

செலவுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டுபோய், கலெக்டர் ஆபீசில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இப்போதே பதியுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, மூச்சில் விலா உள்வாங்கினாலோ ராத்திரியானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.