கொழுப்பு கரைய உணவா, உடற்பயிற்சியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வயது 38, எடை 80 கிலோ. நான்கு மாதங்களாக ஒருநாள் விடாமல் ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஒவ்வொரு முறையும் 400 கலோரி செலவானதாக அதன் திரை காட்டுகிறது. ஆனாலும் ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் போதும், உடற்பயிற்சி வீண் வேலை என்கிறார் நண்பர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: நான்கு மாதம் விடாமல் நடந்ததை வீண் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் அந்த நடை செய்திருக்கும் நன்மை எடைக் கருவியில் தெரியாது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, எடை மாறாத நிலையிலும் உடற்பயிற்சியால் குறைவதுண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது எடையைப் பற்றி. அந்த அளவில் நண்பரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் அந்த 400 கலோரியைப் பார்ப்போம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 280 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 80 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே நடையால் கூடுதலாகச் செலவானது 200 கலோரிதான். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், வேறு எதுவும் மாறாமல் இருந்தால், நான்கு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும். உங்களுக்குக் குறைந்தது அதில் பாதி. மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு பங்கு சமையலறையில் போயிருக்கலாம். எண்ணெய்ப் பாட்டிலை வாணலிக்கு மேல் சாய்த்துக் கண்ணளவாக ஊற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டியில் அளந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், அதாவது 120 கலோரி. உங்கள் தட்டுக்கு வரும் பங்கில் ஒன்றரைக் கரண்டி கூடினாலே, ஒரு மணி நேர நடை ஏறக்குறைய அங்கேயே ஈடாகிவிடும். நடந்து வந்த களைப்பில் கைப்பிடி கடலை கொறிப்பதும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். இவை யாருடைய மனக்கட்டுப்பாட்டின் மீதும் குற்றம் சொல்லும் விஷயங்கள் அல்ல. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறைவதில்லை என்று உறுதியாக நம்பிய சிலரை ஆராய்ந்து 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் உண்ட அளவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை ஏதும் இல்லை. கண் மதிப்பீடு மனிதர்கள் எல்லோரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது.

இன்னொரு பங்கை உடலே மிச்சப்படுத்தியிருக்கும். பயிற்சி செய்த நாளில் நமக்குத் தெரியாமலே மற்ற நேரங்களில் அசைவைக் குறைத்துக்கொள்கிறோம். படியேற வேண்டிய இடத்தில் லிஃப்டைத் தேடுகிறோம், நின்று செய்த வேலையை உட்கார்ந்து செய்கிறோம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்ஸா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நம்மைவிடப் பல மடங்கு உழைக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேலை நாடுகளின் நகரவாசிகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எனவே நடையை நிறுத்தாதீர்கள்; அதோடு உணவில் நாளொன்றுக்கு 300 முதல் 400 கலோரி வரை குறையுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதைவிட, வயிற்றை நிரப்பாமல் கலோரியை மட்டும் கொண்டுவரும் இனிப்புப் பானம், பொரித்த தீனி, பாக்கெட் உணவு ஆகியவற்றில் கை வைப்பது எளிது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் விரும்பிய அளவு உண்ணச் செய்தார்கள். 2019-இல் வெளியான அதன் முடிவின்படி, பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் நடந்து செலவழிப்பதைப் போல அது இரண்டரை மடங்கு. எடையைக் குறைப்பதில் உணவின் கை ஓங்கியிருப்பது இதனால்தான்.

கேள்வி: நான் 45 வயதுப் பெண். ஆறு மாதமாக மிகக் குறைவாகச் சாப்பிட்டு 72 கிலோவிலிருந்து 63 கிலோவுக்கு வந்துவிட்டேன். பார்ப்பவர்கள் இளைத்துவிட்டாய் என்கிறார்கள். ஆனால் கை, கால் மெலிந்து வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது; சோர்வும் கூடியிருக்கிறது. உடல் இறுகி, கட்டாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: இனிக் குறைக்க வேண்டாம், அம்மா. இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான், ஏனெனில் இதே நிலையில் பலர் உணவை மேலும் குறைத்து உடலை இன்னும் வருத்திக்கொள்கிறார்கள். தொடர்ந்த சோர்வுக்கு இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எடை குறையும்போது கரைவது கொழுப்பு மட்டும் அல்ல. எடைப் பயிற்சி ஏதும் இல்லாமல் உணவை மட்டும் குறைப்பவர்கள் இழக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசையும் கொழுப்பு அல்லாத பிற திசுக்களும்தான். பட்டினி கடுமையாக இருந்து புரதமும் போதாவிட்டால் அந்தப் பங்கு இன்னும் கூடும். நீங்கள் இழந்த 9 கிலோவில் இரண்டு கிலோவுக்கு மேல் அப்படிப் போயிருந்தால், கை கால் மெலிந்து வயிறு நிற்பது வியப்பில்லை. எத்தனை கிலோ குறைய வேண்டும் என்பதை உணவு தீர்மானிக்கிறது; அந்தக் கிலோ கொழுப்பாகப் போகிறதா, தசையாகப் போகிறதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை எடைப் பயிற்சியும் புரதமும்தான். உணவா, உடற்பயிற்சியா என்று இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லாததன் காரணம் இதுவே.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்குத் தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி கொடுத்து, நான்கு வாரம் கடும் பயிற்சி செய்ய வைத்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு 1.2 கிலோ தசைத்திசுவைக் கூட்டிக்கொண்டார்கள். அதில் பாதி அளவு புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள். தசை கூடவில்லை என்றாலும் குறையவும் இல்லை. உங்கள் வயதில் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் திசை அதுதான்.

உங்களுக்கு அவ்வளவு புரதம் தேவையில்லை. கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 100 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம்தான் இருக்கிறது என்பதால், ஒவ்வொரு வேளையிலும் கணக்குப் பார்த்துச் சேர்த்தால்தான் அந்த அளவை எட்ட முடியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, இடுப்பைப் பின்னே தள்ளி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, நாற்காலி தொட்டவுடன் எழ வேண்டும். எட்டாவது, ஒன்பதாவது முறையில் தொடை நடுங்கி வேகம் தானாகவே குறையும். பலன் இருப்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று முறைகளில்தான். பன்னிரண்டு முறை சுலபமாகிவிட்டால் கையில் டம்பெல் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். இதோடு சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப், குனிந்த நிலையில் டம்பெல்லை விலா நோக்கி இழுக்கும் பயிற்சி இரண்டும் சேர்ந்தால் உடலின் பெரிய தசைகள் பெரும்பாலும் வேலை செய்துவிடும். ஆண்களைப் போல் உடம்பு பருத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பெண்களின் ஹார்மோன் அமைப்பில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. தசை கூடினால் உட்கார்ந்திருக்கும்போதே கொழுப்பு கரையும் என்று ஜிம் விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவிடுவது 13 கலோரி அளவே. வலிமைக்காகவும் வடிவத்துக்காகவுமே அதை வளர்க்க வேண்டும்.

தூக்கத்தையும் பாருங்கள். 2010-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் பத்துப் பேர் ஒரே அளவு குறைந்த கலோரி உணவை உண்டபோது, படுக்கையில் எட்டரை மணி நேரம் இருந்த இரண்டு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பும், ஐந்தரை மணி நேரமே இருந்த இரண்டு வாரத்தில் 0.6 கிலோ கொழுப்பும் இழந்தார்கள். மொத்த எடை இழப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. தூக்கம் குறைந்தபோது அதில் தசையின் பங்கு கூடிவிட்டது. அடுத்த மூன்று மாதங்களுக்கு எடைக் கருவியைவிட அளவு நாடாவை நம்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறைய சிட்-அப் செய்தால் போதாதா?

பதில்: போதாது. சிட்-அப் வயிற்றுத் தசையை வலுப்படுத்தும். அதன் மேல் படிந்த கொழுப்பை அந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்காது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

கேள்வி: மாவுச்சத்தைக் குறைக்கும் டயட் சிறந்ததா, கொழுப்பைக் குறைக்கும் டயட் சிறந்ததா?

பதில்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2018-இல் வெளியான முடிவில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள். புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. உங்களால் எதில் பசியின்றி நீடிக்க முடிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். மாவுச்சத்தை விட்ட முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால், அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் நினைவில் வையுங்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்ட ஒரு கிராம் கிளைகோஜனோடு (மாவுச்சத்தை உடல் சேமித்து வைக்கும் வடிவம்) சுமார் மூன்று கிராம் நீரும் சேர்ந்து வெளியேறுகிறது.

கேள்வி: இருமுறை பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தேன், இரண்டு முறையும் ஓராண்டுக்குள் திரும்ப வந்துவிட்டது. என் உடம்பே அப்படித்தானா?

பதில்: உங்கள் உடம்பு மட்டும் அல்ல, எல்லா உடம்பும் இழந்த எடையை மீட்கத்தான் முயல்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் அளந்தபோது, ஓய்வில் அவர்களுடைய உடல் செலவிட்ட ஆற்றல், எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்களில் எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடலுழைப்பைப் பெரிதும் கூட்டியிருந்தவர்களே.

குறைத்த எடையைத் தக்கவைப்பதில்தான் உடற்பயிற்சி முன்னே வருகிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கத் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள். நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். அடுத்த முறை எடை குறைந்து முடிந்ததும் பயிற்சியை நிறுத்தாமல் அதற்கான நேரத்தைக் கூட்டுங்கள். உணவை மட்டும், எடை இறங்காமல் நிற்கும் அளவுக்கு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். வாரம் ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தண்ணீரால் மட்டுமே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும் என்பதால் ஒருநாள் எண்ணைக் கண்டு பதற வேண்டாம். குறைத்து முடித்த எடையைவிட இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, மூன்று வாரம் தொடர்ந்து அப்படியே நின்றால், அன்றே மீண்டும் அளந்து சாப்பிடத் தொடங்குங்கள். பத்துக் கிலோ திரும்பிய பின் தொடங்குவதைவிட அது எவ்வளவோ எளிது.