கோக்கீ தவளை: உங்கள் கேள்விகள்

கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் கோக்கீ தவளையைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, ராத்திரி முழுக்க "கோ-க்கீ" என்று கத்துமாமே, எதற்கு?

கத்துவது ஆண் மட்டும்தான் தம்பி. அந்த ஒரே கூவலில் இரண்டு சேதி இருக்கிறது. "கோ" பக்கத்து ஆண்களுக்கு: இது என் இடம், வராதே. "க்கீ" பெண்களை அழைக்க. நாரின்ஸ், காப்ரானிக்கா என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் இதை வெளியிட்டார்கள். "கோ"வை மட்டும் ஒலிபரப்பினாலும் ஆண்கள் பதில் குரல் கொடுத்தன. பெண்கள் "க்கீ" வந்த பக்கம்தான் போயின. செவி நரம்புகளும் அதற்கேற்ப ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபட்டிருந்தன! இத்தனைக்கும் தவளை ரொம்பச் சின்னது.

கேள்வி: குளம் குட்டை இல்லாமல் தலைப்பிரட்டை எப்படிப் பிழைக்கும்?

தலைப்பிரட்டையே கிடையாது சார். சுருண்ட சருகிலோ, காய்ந்து விழுந்த பனையின மட்டையிலோ முப்பது முட்டை போல இடும். அப்புறம் பொறுப்பு அப்பாவுக்கு. முட்டைகள் காயாமல் மேலே உட்கார்ந்து, தின்ன வருபவரை விரட்டும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் முழுத் தவளைக் குஞ்சாகவே வெளியே வரும், கொஞ்சம் வால் மட்டும் மிச்சமிருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள புதர்த்தவளைகளும் இந்த வகைதான்.

கேள்வி: ஹவாயில் இதைக் கொல்கிறார்களாமே, பாவமில்லையா?

பாவம்தான். 1980-களின் கடைசியில் நர்சரிச் செடிகளோடு போய்ச் சேர்ந்தது. ஹவாயில் சொந்தத் தவளை இனமே கிடையாது. இதை அடக்கிவைக்கப் பாம்பும் இல்லை. கேட்கவா வேண்டும், பெருகிவிட்டது. அரை மீட்டர் தூரத்தில் கேட்டால் சத்தம் 90 டெசிபல் வரை இருக்கும். தூக்கம் போன மக்கள் சிட்ரிக் அமிலம் தெளிக்கிறார்கள். உள்ளூர்ப் பூச்சிகளையும் தின்று தீர்க்கிறதே என்ற கவலை வேறு. சொந்த ஊரில் இதே தவளை தீவின் சின்னம். அங்கே அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது என்பார்கள். என்னைக் கேட்டால், குற்றம் செடியைச் சோதிக்காமல் ஏற்றியவர்களுடையது.

கேள்வி: கோக்கீ என்றால் ஒரே இனம்தானா?

இல்லை, போர்ட்டோ ரிக்கோவில் பதினைந்துக்கு மேல் உண்டு. அவற்றில் பொன் கோக்கீ குட்டியே போடும். 1981-க்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாக உறுதியான தகவல் இல்லை.

கேள்வி: வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். ஹவாயில் வைத்திருந்தாலே குற்றம், 2,00,000 டாலர் வரை அபராதம்.