ஐ7 என்றால் மட்டும் போதாது, எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். மகன் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான், மகள் வீட்டிலிருந்தே சின்னச் சின்ன வீடியோ எடிட்டிங் செய்கிறாள், இரண்டு பேருக்கும் சேர்த்து, பூட்டித் தயாராக இருக்கிற வேகமான டெஸ்க்டாப் ஒன்று வேண்டும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் "ஐ7, 16 ஜிபி ரேம், 1 டிபி, எல்லாம் புதுப் பெட்டி" என்று ஒரு விலை சொன்னார்களாம். கல்முனையில் இன்னொரு கடையில் அதைவிடக் கூடின விலைக்கு 12ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு). ஐ7 தானே பெரிது, விலையும் குறைவு, எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

எடுக்க வேண்டாம் அண்ணன். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பனியின் பிராசசர் வகைகள், பிராசசர் என்பது கொம்பியூட்டரின் மூளை. அந்த ஐ7க்குப் பின்னால் வருகிற இலக்கம் என்ன என்று தெரியாமல் ஒரு ரூபாயும் முற்பணம் கட்ட வேண்டாம்.

இந்த விலைக்கு வருகிற ஐ7 பெரும்பாலும் 3770 அல்லது 4770 ஆகத்தான் இருக்கும். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை (ஐந்து இலக்கமென்றால் முதல் இரண்டும்), 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, அது 2012இல் வந்தது. கேஸிங் புதிது, மதர்போர்டும் புதிது (இந்தப் பழைய பிராசசர்களுக்கென்றே சீனாவிலிருந்து இன்றும் புது போர்டுகள் வருகின்றன), ஆனால் உள்ளே இருக்கிற பிராசசர் எங்கோ ஒரு அலுவலகத்தில் வருடக்கணக்கில் ஓடிக் கழன்றது. கல்முனைக் கடைக்காரர் சொன்ன ஐ3 அநேகமாக 12100, அது 2022இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்கிற பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலை வரிசை). அட்டையில் பார்த்தால் 3770க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், 12100க்கு 3.3, ஆகவே பழையதுதான் வேகம் போலத் தெரியும், ஆனால் ஒரே கிகாஹெர்ட்ஸில் புதுத் தலைமுறை செய்து முடிக்கிற வேலை மிக அதிகம் என்பதால் இந்தச் சின்ன ஐ3 அந்தப் பெரிய ஐ7ஐ எல்லா வேலையிலும் தாண்டிவிடும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். கடையில் ஏதாவது குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஆனால் அடுத்த அப்டேட்டில் என்ன நடக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அப்புறம் அந்த "1 டிபி". அது ஹார்ட் டிஸ்க் என்றால், எந்தப் பிராசசர் போட்டாலும் கொம்பியூட்டர் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 150 எம்பி அளவில் படிக்கும், வயர் வழியாகப் பூட்டுகிற சாட்டா எஸ்எஸ்டி 550 வரை, நேரே போர்டில் செருகுகிற என்விஎம்இ எஸ்எஸ்டி 2000, 3000 என்று போகும். வீட்டில் உட்காருகிறவருக்கு "வேகம்" என்று தெரிவது பெரும்பாலும் இந்த ஒரு சாமான்தான். விண்டோஸ் இருக்க வேண்டியது எஸ்எஸ்டியில். வீடியோக்களைச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கடையிலேயே பார்த்துவிடலாம். பெட்டியை ஓட விடச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயர், ரேம், டிஸ்க் எஸ்எஸ்டியா என்பது எல்லாம் இருக்கும். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவனுக்கு இது இரண்டு நிமிட வேலை.

சரி, எதை எடுப்பது? மகன் எழுதுகிற பைத்தன், எச்டிஎம்எல், டேட்டாபேஸ் வேலைக்கு அந்த ஐ3 தாராளம். மகளின் எடிட்டிங்தான் பாரமானது. அதற்காகக் கொஞ்சம் கூடப் போட முடியுமென்றால் ஆறு கோர் உள்ள ஐ5 12400 எடுங்கள், ஆனால் இலக்கத்தின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கக் கூடாது. எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனியாகக் கார்டு வாங்க வேண்டி வரும். எஃப் இல்லாததில் இருக்கிற உள் கிராபிக்ஸ் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் நன்றாகக் கை கொடுக்கும். ரேம் 16 ஜிபி, அதுவும் ஒரே 16ஆக இல்லாமல் இரண்டு 8ஆகப் போடச் சொல்லுங்கள், உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் பாவிக்கிறது, இரண்டு சிலொட்டும் வேலை செய்தால் அது தெளிவாக வேகமாகும். ஐ5க்குக் காசு காணாது என்றால் அதே ஐ3இல் ரேமை மட்டும் 16 ஆக்குங்கள்.

அதற்கும் கையில் இல்லை என்றால், டெல், எச்பி, லெனோவோ அலுவலகப் பெட்டி செகண்ட் ஹேண்டில் ஒன்று, 8ஆம் தலைமுறை ஐ5 8500 போல, எஸ்எஸ்டியோடு எடுப்பது அந்தப் புதுப்பெட்டி ஐ7ஐவிட எவ்வளவோ நல்லது. ஆனால் இந்தப் பெட்டிகளில் பவர் சப்ளையும் போர்டும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பனிக்கே உரிய அமைப்பு, எரிந்தால் டவுனில் இருக்கிற சாதாரண ஒன்றைக் கொண்டு வந்து பூட்ட முடியாது.

பவர் சப்ளையில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். கேஸிங்கோடு இலவசமாக வருகிற, பெயர் தெரியாத "500 வாட்" வேண்டாம், 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) உள்ளதாகக் கேளுங்கள், கூடவே கரண்ட் போனால் சில நிமிடம் தாங்குகிற 650 விஏ யூபிஎஸ் ஒன்று. அக்டோபர், நவம்பர் இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸும் தாங்காது, வானம் இருட்டினால் ப்ளக்கையும் ரவுட்டரின் வயரையும் கழற்றிவிட வேண்டும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், உப்புக் காற்று போர்டைத் தின்றுவிடும். நிலத்திலும் வேண்டாம், மாரியில் வெள்ளம் வருகிற ஊர் நம்முடையது.

பில்லின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஒரு வருட வாரண்டி என்றால் 350 நாள் என்று பல கடைகளில் அச்சடித்திருப்பார்கள், மின்னல், எரிந்த அடையாளம், துரு இவற்றுக்கு வாரண்டி இல்லை என்றும் இருக்கும். பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் எத்தனை நாள், அதுவரை மாற்றுச் சாமான் தருவார்களா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை ஒவ்வொன்றின் பெயரும் சீரியல் இலக்கமும் பில்லில் எழுதப்பட வேண்டும், "ஐ7 செட் ஒன்று" என்று ஒரே வரியில் பில் தருகிற கடையில் வாங்காதீர்கள்.