மனைவியைப் பற்றி எழுதுவது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மனைவி சென்ற தை மாதம் காலமானாள். 46 வருட வாழ்க்கை. ஒருநாள் முகம் சுளித்ததில்லை. டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்ததைக்கூட எனக்காக விட்டுவிட்டாள். எனக்குப் பரிமாறாமல் சாப்பிட்டதில்லை. அவளைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதியிருக்கிறேன். முதலாண்டு நினைவு நாளில் சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுக்க ஆசை. பிள்ளைகள் "இதெல்லாம் எதற்கு" என்கிறார்கள். செய்யலாமா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

தாராளமாகச் செய்யுங்கள். பிள்ளைகள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அழுதுகொண்டே எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சொல்கிற கடிதத்தில் அவர் பெயர் எங்கே? முகம் சுளிக்கவில்லை, பரிமாறினார், விட்டுக்கொடுத்தார். உங்களுக்கு அவர் எவ்வளவு சௌகரியமாக இருந்தார் என்று மட்டும் தெரிகிறது. நம் ஊரில் கணவர்கள் போடும் நினைவு மலர்கள் பெரும்பாலும் இதே ரகம். போட்டோவை மாற்றினால் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும்.

பெரியாரின் மனைவி நாகம்மையார் 1933 மே 11 அன்று இறந்தார். 1898இல் நடந்த கல்யாணம். மூன்றாம் நாளே பெரியார் 'குடி அரசி'ல் எழுதிவிட்டார். துக்கப்படுவதா, மகிழ்வதா என்று அவர் ஆரம்பிப்பதைப் பிடித்துக்கொண்டு கல்நெஞ்சக்காரர் என்பார்கள். முழுசாகப் படிக்காதவர்கள், விடுங்கள். அவரைத் துணையாக நான் வைத்துக்கொண்டேன், அவருக்கு நான் துணையாக இருந்தேனா என்பது எனக்கே ஞாபகம் வரவில்லை என்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்காவது வீட்டில் நடந்துகொண்டேன் என்று சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்கிறார். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் முன்னால் நின்ற பெண்ணைப் பற்றி, மனைவி செத்த மூன்றாம் நாள், தன் பத்திரிகையிலேயே! எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

என் சித்தப்பா வங்கியில் கேஷியராக இருந்தவர். "அவளுக்குக் கணக்கே வராது" என்பது அவருடைய நிரந்தர ஜோக். சித்தியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பக்கத்துத் தெரு அம்மாள் ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். தெருப் பெண்களுக்குச் சித்தி வருடக்கணக்காக ஏலச்சீட்டு நடத்தியிருக்கிறாள். எந்த மாதம் யார் எடுத்தார், எவ்வளவு தள்ளி எடுத்தார், யார் பாக்கி, எல்லாம் பென்சிலில், பைசா பிசகாமல். சித்தப்பா ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று அந்த அம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டார். வீட்டில் யார் கேட்டார்கள், சொல்வதற்கு?

அந்த 'டீச்சர் ஆர்டர்' விஷயத்தைப் போகிற போக்கில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதை எழுதுங்கள். எந்த ஊர்ப் பள்ளி? அவராக விட்டாரா, நீங்கள் விடச் சொன்னீர்களா? அந்தக் காகிதத்தைக் கிழித்தாரா, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாரா? தெரியாவிட்டால் அவருடைய கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இன்றே போன் போட்டுக் கேளுங்கள். அச்சகம், தாள், அட்டை எல்லாம் அப்புறம்.