மின்சார கார்: மூன்று லட்சம் திரும்பி வருமா?

கேள்வி: திருமங்கலத்தில் சொந்த வீடு. வேலைக்கு மதுரை போய் வர 40 கி.மீ. பெட்ரோல் காரைவிட அதே அளவு மின்சார கார் மூன்று லட்சம் கூடுதலாக இருக்கிறது. அந்தப் பணம் திரும்பி வருமா? நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் காரால் புகை எப்படிக் குறையும்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்குத் திரும்பி வரும். மாதம் 1,000 கி.மீ. என்றால், லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காரில் பெட்ரோலுக்கே சுமார் 6,700 ரூபாய் போய்விடும். மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 330 யூனிட். இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்கு ஏற்கெனவே 300 யூனிட் ஆகிறது என்றால் மொத்தம் 630. 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும். அப்படியும் பில்லில் கூடுவது ஏறத்தாழ 2,500 ரூபாய்தான். அதே இரண்டு மாதப் பெட்ரோல் 13,400. கடன் வட்டி தவிர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுக்குள் மூன்று லட்சம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு மட்டும் எடுக்கும் கார் என்றால், பெட்ரோலையே வாங்குங்கள் என்றிருப்பேன்.

பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

புகை விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு; கி.மீ.க்குச் சுமார் 150 கிராம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ; கி.மீ.க்கு 120 கிராம். பேட்டரி தயாரிக்கும்போது வெளியான புகையை ஈடுகட்டவே சில ஆண்டுகள் ஓட்ட வேண்டும். ஆனாலும் மாசி வீதி நெரிசலில் உங்களுக்குப் பின்னால் பைக்கில் நிற்பவர் முகத்தில் புகை அடிக்காது. எனக்கு அது பெரிய விஷயம்.

சொந்த மாடி இருக்கிறதே, அதை விடாதீர்கள். 3 கிலோவாட் சூரிய மின்தகடு நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். காருக்கு 7 போதும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். பில்லும் 500 யூனிட்டுக்குக் கீழே இறங்கும், புகைக் கணக்கும் அடியோடு மாறும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து, கார் நிற்கும் இடத்தில் தனி ஒயரில் 15 ஆம்பியர் பிளக் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிலேயே அன்றாட ஓட்டத்துக்கான சார்ஜ் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும்.